கேளுங்கோ, சொல்லுறன்: கரண்டை ஒட்டுக்கேக்கிற சுவிச்

போன இதழில நான் எழுதினது மூண்டே மூண்டு வரி. பற்றரிக்கும் மோட்டருக்கும் நடுவில நிண்டு கரண்டைத் திறந்து பூட்டுற ஒரு சிப் இருக்கு, அது திறந்து பூட்டுறதோட நிக்காமல் எவ்வளவு கரண்ட் போகுது எண்டதையும் ஒரு காலால வெளிய சொல்லும் எண்டு. அந்த மூண்டு வரிக்கு வந்த கேள்வியளைப் பாத்தால் வடமராட்சியில இருந்து தீவுப்பக்கம் வரைக்கும் எல்லாரும் ஏதோ ஒரு பம்பையோ லைற்றையோ எரிச்சிட்டுத்தான் இருக்கிறியள் போல கிடக்கு. மிக்ஸி, அயன்பொக்ஸ் கேள்வி அனுப்பினவை கோவிக்காதேங்கோ, இந்த முறை பக்கம் முழுக்க இதுதான்.

கேள்வி: தம்பி, நான் சுன்னாகத்தில வெங்காயம் போடுறனான். கிணத்தில 12 வோல்ற் சோலார் பம்ப், பிரஷ் மோட்டர். ஆவணி புரட்டாதியில தண்ணி கீழ இறங்கினால் பம்ப் காத்தை இழுத்துக்கொண்டு சும்மா சுத்துது, போன வருசம் ஒண்டு எரிஞ்சே போச்சு. றிலே போட்டுப் பாத்தன், ரெண்டு மாசத்தில அதின்ர கொன்ராக்ற் ஒட்டிப்போச்சு. நீங்கள் சொன்ன சிப் சரிவருமோ? கிளாம்ப் மீற்றர் பிடிச்சுப் பாத்தனான், தண்ணி இருக்கேக்க 6.2 அம்பியர், இல்லாட்டி 3.4.

பதில்: அண்ணை, அந்த ரெண்டு எண்ணையும் அளந்து எழுதி அனுப்பினீங்கள் பாருங்கோ, அதுக்கே ஒரு கும்பிடு. பாதி வேலை முடிஞ்சுது. முக்கால்வாசிப் பேர் "பம்ப் கொஞ்சம் பெரிசு" எண்டுதான் எழுதுகினம்.

றிலே ஒட்டினதில புதினமில்லை. வீட்டுக் கரண்ட் ஒரு செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்துக்கு வந்து போகும், அதால பொறி தன்ர பாட்டில அணையும். பற்றரிக் கரண்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை, மோட்டர் ஸ்ராற் எடுக்கேக்க இழுக்கிற கரண்டோட சேர்ந்து கொன்ராக்ற்றை உருக்கி ஒட்டிவிடும்.

இனிச் சிப்புக்கு வருவம். எங்கட ஆக்களிட்ட இப்ப கூடப் புழங்கிறது இன்பினியன் கொம்பனியின்ர பி.ரி.எஸ். 7960, சிவப்புப் போர்ட்டில ரெண்டு சிப் பக்கத்தில பக்கத்தில இருக்கும், மோட்டர் ட்ரைவர் எண்டு விக்கிறாங்கள். அதுக்குள்ள கரண்டைத் திறந்து பூட்டுற மொஸ்பெற் எண்டது ஒரு பெரிய வாசல் இல்லை, ஆயிரக்கணக்கான குட்டி வாசலுகள் சமாந்தரமாச் சேர்ந்து கிடக்கிறது. அதில கொஞ்சத்தை மட்டும் பிரிச்செடுத்து, அதுக்குள்ளால போற கரண்டைத் தனிக் காலுக்குக் கொண்டு வந்து விட்டிருக்கிறாங்கள், அதுதான் ஐ.எஸ். எண்டு பேர் போட்ட கால். நல்லூர்த் தேர் வடம் பிடிக்கிற ஆக்களில ஒருத்தரை மட்டும் பிடிச்சு அவர் எவ்வளவு இழுக்கிறார் எண்டு பாத்து, இத்தனை பேர் நிக்கினம், அப்ப மொத்த இழுவை இவ்வளவு எண்டு கணக்குப் போட்டால் எப்பிடி, அதுதான் விசயம். இந்தச் சிப்பில அந்தக் கணக்கு 8500. மோட்டருக்கு 8.5 அம்பியர் போனால் ஐ.எஸ். காலால 1 மில்லி அம்பியர் வரும், அந்த மில்லி அம்பியரை ஒரு ரெசிஸ்ரருக்குள்ளால நிலத்துக்கு, அதாவது பற்றரியின்ர சயப்பக்கத்துக்கு (−), விட்டால் வோல்ற்றாகும், வோல்ற்றை ஆர்டுயினோ எண்ட குட்டிக் கொம்பியூட்டர் போர்ட் வாசிக்கும்.

1000 ஓம் போட்டால் (இது நாங்கள் தலையாட்டிச் சொல்லுற ஓம் இல்லை, ரெசிஸ்ரர் ஓம்) உங்கட 6.2 அம்பியருக்கு 0.73 வோல்ற், 3.4 அம்பியருக்கு 0.4 வோல்ற். 5 வோல்ற் ஆர்டுயினோவில 1024 படி, ஆகத் தண்ணி இருந்தால் 149 கிட்ட, இல்லாட்டி 82 கிட்ட வாசிப்பு. நடுவில 115 எண்டு ஒரு கோடு கிறுங்கோ, அதுக்குக் கீழ போனால் பம்பை நிப்பாட்டு எண்டு எழுதுங்கோ. இவ்வளவும் கடதாசியில. கையில எடுக்கேக்க ரெண்டு இடத்தில சறுக்கும்.

முதலாவது, நான் சொன்ன 8500 எண்டது ஒரு நடு எண், சத்திய வாக்கில்லை. உங்கட சிப்பில தண்ணியோட 110ம் வரலாம், 200ம் வரலாம், ரெண்டும் பழுதில்லை. அதால 115 எண்டு நான் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு இருக்காமல், தண்ணியோட ஓடவிட்டு ஒரு எண்ணும், வாளிக்குள்ள இருந்து தூக்கிப் பிடிச்சு அஞ்சு செக்கன் ஓடவிட்டு இன்னொரு எண்ணும் குறிச்சு, அதுக்கு நடுவில கோட்டைப் போடுங்கோ. இந்தக் கால் ஒரு மீற்றர் இல்லை அண்ணை, பக்கத்து வீட்டுக் கிழவி மாதிரி, "உங்க என்னவோ வித்தியாசமா நடக்குது" எண்டதைப் பிழையில்லாமல் சொல்லும், எத்தனை பேர் வந்தவை எண்டு கேட்டால்தான் முன்னப்பின்ன இருக்கும்.

ரெண்டாவது, அந்தச் சிவப்புப் போர்ட்டில ஐ.எஸ். காலுக்கு ஏற்கெனவே ஒரு ரெசிஸ்ரர் ஈயம் பிடிச்சு வந்திருக்கும். பற்றரியைக் கழட்டிப்போட்டு மல்ரிமீற்றரால ஐ.எஸ். பின்னுக்கும் நிலத்துக்கும் நடுவில அளந்து பாருங்கோ. 10,000 ஓம் காட்டினால் அதில பிரயோசனமில்லை, 4.25 அம்பியரிலயே 5 வோல்ற் முட்டிவிடும், உங்களுக்குத் தண்ணி இருந்தாலும் ஒண்டுதான் மோட்டர் இறுகினாலும் ஒண்டுதான். வெளியால ஒரு 1000 ஓமைச் சமாந்தரமாப் போடுங்கோ, ரெண்டும் சேர்ந்து 909 ஓம் வரும், காணும்.

புரோகிராம் எழுதிற பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, ஸ்ராற் பண்ணி முதல் அரைச் செக்கன் வாற எண்ணைக் கணக்கில எடுக்கக் கூடாது, மோட்டர் எழும்பேக்க இழுக்கிறது அது. தண்ணி குழாயில ஏற இன்னும் ஒரு பத்துச் செக்கன் விடவேணும். அதுக்குப் பிறகு அஞ்சு செக்கன் விடாமல் கோட்டுக்குக் கீழ நிண்டால் நிப்பாட்டி, அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் திரும்பத் தொடங்கவேணும். எங்கட கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள, ஆறவிட்டால் ஊறும், விடாமல் இழுத்தால் உவர் ஏறும், அதால அந்த அரை மணித்தியாலம் பம்புக்கு மட்டுமில்லை, கிணத்துக்கும் நல்லது.

பம்பின்ர சகப்பக்கத்தை (+) போர்ட்டின்ர ஒரு பக்க அவுட்புட்டுக்கும், சயப்பக்கத்தை நேரா பற்றரியின்ர சயத்துக்கும் குடுங்கோ. ஒரு சிப் காணும், மற்றது சும்மா இருக்கட்டும்.

கேள்வி: சேர், நாங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில படிக்கிற மூண்டு பேர். ரோபோவுக்கு இதே போர்ட்தான். 20 கிலோ ஹேர்ட்ஸில பி.டபிள்யூ.எம். குடுக்கிறம். ஐ.எஸ். வாசிப்பு ஒருக்கா பூச்சியம், ஒருக்கா 300 எண்டு துள்ளுது. கப்பாசிற்றர் போட்டு வடிகட்டினால் நிதானமா வருது, ஆனா மோட்டர் வயரில அம்பியர் மீற்றர் 8 காட்டேக்க எங்கட கணக்கில 4தான் வருது. சிப் பழுதோ? 43 அம்பியர் எண்டு போட்டிருக்கு, ஆனா 20இலேயே கை வைக்கேலாமல் சுடுது.

பதில்: பிள்ளையள், பி.டபிள்யூ.எம். எண்டது சுவிச்சை வேகவேகமாத் திறந்து பூட்டுறது, நீங்கள் 50 வீதம், அதாவது பாதி நேரம் திறந்து பாதி நேரம் பூட்டித்தானே அளந்தனீங்கள்? கடிதத்தில எழுதேல்லை, ஆனா 8க்கு 4 எண்டால் வேற ஒண்டுமா இருக்கேலாது. சிப் பொய் சொல்லேல்லை.

இந்தச் சிப்புக்குள்ள ரெண்டு சுவிச், பற்றரியின்ர சகப்பக்கத்துக்கு மேல் சுவிச், சயப்பக்கத்துக்குக் கீழ் சுவிச், அதில கரண்டை ஒட்டுக்கேக்கிறது மேல் சுவிச் மட்டும்தான். மேல் சுவிச் திறந்திருக்கிற நேரத்தில பற்றரியில இருந்து மோட்டருக்கு 8 அம்பியர் போகுது, ஐ.எஸ். அதைச் சொல்லுது. மேல் சுவிச் பூட்டின உடன மோட்டருக்குள்ள இருக்கிற கரண்ட் நிண்டிடாது, சுருளுக்குள்ள ஓடுற கரண்ட் நினைச்ச உடன நிக்கிற சாதி இல்லை, அது கீழ் சுவிச்சால வளைச்சுக்கொண்டு ஓடும், அப்பவும் மோட்டரில 8 அம்பியர்தான். ஆனா அந்த நேரம் மேல் சுவிச்சில ஒண்டுமில்லை, ஐ.எஸ். வாய் மூடிக்கொண்டு இருக்கும். பாதி நேரம் 8, பாதி நேரம் 0, கப்பாசிற்றரால வடிகட்டினால் 4. அந்த 4 என்ன எண்டு கேட்டால், பற்றரியில இருந்து உண்மையா வெளிக்கிடுற கரண்ட். அம்பியர் மீற்றரை மோட்டர் வயரில இருந்து கழட்டிப் பற்றரி வயரில போட்டுப் பாருங்கோ, அதுவும் 4 காட்டும். ரெண்டும் உண்மை, நீங்கள் கேட்ட கேள்வி வேற, அது சொன்ன பதில் வேற.

மோட்டர் கரண்ட்தான் வேணுமெண்டால் வடிகட்டாமல், மேல் சுவிச் திறந்திருக்கிற நேரத்தில மட்டும் வாசிக்கவேணும். 20 கிலோ ஹேர்ட்ஸில ஒரு சுற்று 50 மைக்ரோ செக்கன், அதில பாதி 25. ஆர்டுயினோ ஊனோ ஒரு தரம் அனலொக் வாசிச்சு முடிக்கவே நூறு மைக்ரோ செக்கனுக்கு மேல எடுக்கும், உண்மையாப் படம் பிடிக்கிறது தொடங்கி முதல் பன்ரெண்டு பதின்மூண்டு மைக்ரோ செக்கனுக்குள்ள எண்டாலும், அது எந்த நேரத்தில விழும் எண்டது லொத்தர் மாதிரி. அதுதான் உங்கட துள்ளல். ஆர்டுயினோ சும்மா தாற 490 ஹேர்ட்ஸுக்கு இறங்கினால் பாதி வீதத்தில ஒரு மில்லி செக்கன் திறந்திருக்கும், திறந்து இருநூறு மைக்ரோ செக்கன் கழிச்சு ஆறுதலா வாசிக்கலாம். மோட்டர் கீச்சிடும், விடியவிடியப் பழகிற பெடியளுக்கு அது தலையிடிதான். கீச்சிடக் கூடாது எண்டால் ரைமரே ஏ.டி.சி.யை (வோல்ற்றை எண்ணாக்கிற பகுதியை) தட்டி எழுப்புற மாதிரி எழுதவேணும், மூண்டு பேர் இருக்கிறியள், ஒராள் அதோட இருங்கோ.

43 அம்பியர் கதை எனக்கு நெடுகக் கோவம் வாற கதை. அந்த 43 எண்டது சிப் தன்னைக் காப்பாத்திக்கொள்ள "போதும்" எண்டு நிப்பாட்டப் பாக்கிற எல்லை, நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கிற சுமை இல்லை. டேற்றாசீற்றில ஒழுங்காத்தான் எழுதிக் கிடக்கு, விக்கிறவை அந்த எண்ணை மட்டும் பெட்டியில பெரிசா அடிக்கினம். மேலும் கீழும் சேர்த்து உள்ளுக்க இருக்கிற தடை சுமார் 16 மில்லி ஓம். 10 அம்பியருக்கு 1.6 வாற் சூடு, 20 அம்பியருக்கு ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு, 6.4 வாற். சூடாகச் சூடாகத் தடையும் கூடும், தடை கூடச் சூடும் கூடும், இதுக்கு மேல பி.டபிள்யூ.எம். திறந்து பூட்டுற சூடு வேற, அது 20 கிலோவில நல்லாக் கூட. சின்னதா ஒரு ஃபான் வையுங்கோ. என்ர மனசில அந்தப் போர்ட் ஒரு 10 அம்பியர் போர்ட், காத்தடிச்சால் 15. இன்னொண்டு, சிப்பின்ர முதுகில இருக்கிற உலோகத் தகடு நிலம் இல்லை, அது அவுட்புட். ரோபோவின்ர அலுமினியச் சட்டத்தில முட்டினால் கதை முடிஞ்சுது.

கேள்வி: சிப் தானே ஷோர்ட்டைப் பிடிக்குது எண்டால் பியூஸ் எதுக்கு? (மானிப்பாய்)

பதில்: மொஸ்பெற் பெரும்பாலும் ஷோர்ட்டாய்த்தான் சாகும், அதாவது வாசல் திறந்தபடி சாகும், அதுக்குப் பிறகு அதுக்குக் கேட்டென்ன கேக்காமலென்ன. பியூஸ் வேணும், பற்றரிக்குக் கிட்ட வேணும். 90களில கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், பியூஸ் போனால் வயருக்குள்ள இருந்து ஒரு இழையை உருவிச் சுத்திவிட்டுப் பழகின கை. அந்தக் கையை லித்தியம் பற்றரிக்குக் கிட்ட கொண்டு போகாதேங்கோ.

கேள்வி: அண்ணை, குருநகர். படகில தண்ணி இறைக்கிற பம்புக்கு இந்தச் சிப்பும், ஆர்டுயினோ மாதிரியே ஒரு குட்டிப் போர்ட் ஈ.எஸ்.பி. 32ம் வைச்சு ஒரு பெட்டி செய்தன். முதல் ஈ.எஸ்.பி. ஒரு கிழமையில செத்துது. ரெண்டாவது உயிரோட இருக்கு, ஆனா பம்ப் நிண்டு கிடக்கேக்கயே ஒரு அம்பியர் ஓடுறதாக் காட்டுது. வயரைக் கழட்டினாலும் காட்டுது. பேயோ?

பதில்: தம்பி, இது பேய்தான், உப்புப் பேய். ஆனா முதல்ல செத்தவரைப் பாப்பம்.

சிப்புக்கு ஷோர்ட் பட்டாலோ சூடு ஏறினாலோ ஐ.எஸ். கால் கணக்குச் சொல்லுறதை விட்டிட்டு, "ஐயோ" எண்டு ஒரே அளவில கத்தும், 4.5 மில்லி அம்பியர் கிட்ட. நீங்கள் 1000 ஓம் போட்டிருந்தால் அந்தக் கத்தல் 4.5 வோல்ற். ஈ.எஸ்.பி. 32 தாங்கிறது 3.3. பம்புக்குள்ள நைலோன் நூலோ சாதாளையோ சிக்கி இறுகின அண்டைக்குத்தான் அது செத்திருக்கும், யோசிச்சுப் பாருங்கோ. நானும் இப்பிடி ஒண்டை அனுப்பினனான், மேசையில மோட்டர் அச்சைக் குறட்டால இறுக்கிப் பிடிச்சு "ஷோர்ட் பாதுகாப்பு வேலை செய்யுதோ" எண்டு பாத்தன், பாதுகாப்பு வடிவா வேலை செய்தது, சிப் தப்பிச்சுது, பக்கத்தில இருந்த ஈ.எஸ்.பி. தப்பேல்லை. அண்டையில இருந்து நான் ஐ.எஸ். ரெசிஸ்ரரைச் சாதாரண கரண்டை வைச்சுத் தெரிவு செய்யிறதில்லை, கத்தேக்க எவ்வளவு வரும் எண்டதை வைச்சுத்தான் தெரிவு செய்யிறது. கத்தல் சிப்புக்குச் சிப் கூடிக் குறையும், 6.5 மில்லி வரைக்கும் எண்டு வைச்சால் 470 ஓமுக்கு 3.06 வோல்ற், தப்பிச்சுது. அதோட ஐ.எஸ். காலுக்கும் ஈ.எஸ்.பி. காலுக்கும் நடுவில ஒரு 10,000 ஓம், அது கடைசிக் காவல்காரன்.

470 போட்டால் கீழ் எண்கள் சின்னனாகும், அதுவும் சொல்லவேணும். ஈ.எஸ்.பி. 32இன்ர ஏ.டி.சி. 0.15 வோல்ற்றுக்குக் கீழ அரைக்குருடு. 470 ஓமில 0.15 வோல்ற் எண்டால் 2.7 அம்பியர். அதுக்குக் கீழ ஓடுறதை உங்கட பெட்டி நம்பிக்கையாக் காணாது. பம்புக்கு அது பிரச்சினை இல்லை, ஓடினால் அதுக்கு மேலதான் இழுக்கும்.

இனிப் பேய். ஐ.எஸ். கால் தாறது கரண்ட், சரியான சின்னக் கரண்ட், அதை நாங்கள் 8500 ஆல பெருக்கிறம். பெருக்கேக்க நல்லது மட்டும் பெருகாது. உங்கட போர்ட்டில 12 வோல்ற் தடத்துக்கும் ஐ.எஸ். தடத்துக்கும் நடுவில உப்பு ஈரம் படிஞ்சு ஒரு 100,000 ஓம் பாதை உண்டாகிச்சுது எண்டு வையுங்கோ. 12 வோல்ற்றால அதுக்குள்ள போறது 0.12 மில்லி அம்பியர், தூசு. அந்தத் தூசை 8500 ஆல பெருக்கினால் 1.02 அம்பியர். உங்கட ஒரு அம்பியர் அதுதான். வயரைக் கழட்டினாலும் போகாது, ஏனெண்டால் அது வயரில இல்லை, போர்ட்டின்ர முகத்தில கிடக்கு.

போர்ட்டைக் கழட்டி, நல்ல தண்ணியில பிரஷால தேய்ச்சு, பிறகு ஐசோபுரோப்பில் அல்ககோலால துடைச்சு, வெயிலில இல்லாமல் நிழலில ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கோ, பேய் போயிருக்கும். போனதும் வார்ணிஷ் மாதிரி ஸ்பிரே விக்குது போர்ட்டுக்கு அடிக்க, ரெண்டு தரம் அடிச்சுப் பெட்டியையும் சிலிக்கோனால மூடுங்கோ. புதுசாப் போர்ட் கீறிறவை ஐ.எஸ். தடத்தை 12 வோல்ற்றுக்குப் பக்கத்தில கொண்டு போகாமல், ரெண்டு பக்கமும் நிலத் தடம் போட்டு நடுவில கொண்டு வாங்கோ, ஈரம் வந்தாலும் ஒழுகிறது நிலத்துக்குத்தான் போகும். 470 ஓமுக்குப் பக்கத்தில நிலத்துக்கு 100,000 ஓம் ஒழுகினால் ஒரு குடியும் முழுகாது.

நிலம் எண்டதும் ஞாபகம் வருது. அந்த 470 ஓமின்ர நிலப்பக்கம் ஈ.எஸ்.பி. இருக்கிற இடத்து நிலத்தில இறங்கவேணும், மோட்டர் கரண்ட் போற தடிச்ச நில வயரில இல்லை. அந்த வயரில 5 மில்லி ஓம் இருந்தாலே 20 அம்பியருக்கு 0.1 வோல்ற் தூக்கும், உங்கட வாசிப்பே அந்த இடத்தில 1.1 வோல்ற்தான், பத்தில ஒரு பங்கு சும்மா பிழைக்கும்.

கேள்வி: ஓட்டோவின்ர ஹெட்லைற் சுவிச் உருகிப் போகுது, சிப் போடலாமோ? பற்றரி மாறிக் குடுத்தால் தாங்குமோ? (சாவகச்சேரி, ஓட்டோ ஓடுறவர்)

பதில்: போடலாம். 55 வாற் பல்ப் நிதானத்தில 4.6 அம்பியர், ஆனா இழை குளிரா இருக்கேக்க போடுற முதல் கணத்தில பத்து மடங்கு மாதிரி இழுக்கும், உங்கட சுவிச்சை உருக்கிறதும் அதுதான். நல்ல சிப் அதைத் தாங்கித்தான் செய்யிறது, புரோகிராமில முதல் பத்திலொரு செக்கன் வாற எண்ணைப் பாத்துப் பயப்படாமல் இருந்தால் சரி. ஆனா உங்களுக்குச் சிவப்புப் போர்ட் வேண்டாம். அதில மேல் சுவிச்சும் கீழ் சுவிச்சும் அடுக்கா இருக்கு, ஒவ்வொண்டுக்குள்ளயும் இயற்கையாவே ஒரு டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுறது), பற்றரியை மாறிக் குடுத்தால் ரெண்டு டயோட்டும் சேர்ந்து பற்றரியை நேர ஷோர்ட் பண்ணும், புகைதான். சிப் செய்தவையே அதுக்கு முன்னால ஒரு பி-சானல் மொஸ்பெற் போடச் சொல்லித்தான் படம் தந்திருக்கினம், மலிவுப் போர்ட்டில நான் பாத்த ஒண்டிலும் அது இல்லை. வெறும் மேல் சுவிச் சிப், புரொபெற் எண்டு வாற சாதி, அதுக்கு மாறிக் குடுத்தால் கரண்ட் பல்ப்புக்குள்ளாலதான் சுத்தவேணும், பல்ப் மாறி எரியும், சிப் சுடும், பத்துச் செக்கனுக்குள்ள கழட்டினால் தப்பும். அதுக்கும் சிப்பின்ர நிலக் காலில 150 ஓம், இன்புட் காலுகளில ஒரு 4700 ஓம் போட்டிருக்கவேணும். போடாமல் விட்டால் சிப்பின்ர நிலக் காலே கரண்டுக்குக் கள்ளப் பாதையாகும்.

கேள்வி: நான் ரீச்சர். வீட்டில 100 வாற் சோலார், எட்டு வாற் எல்.ஈ.டி. லைற் மூண்டு. 2022இல கரண்ட் வெட்டின காலத்தில பூட்டினது. இந்தச் சிப்பைப் பூட்டி, பற்றரியில இருந்து எவ்வளவு செலவழிஞ்சது எண்டு அம்பியர் மணித்தியாலக் கணக்கு எடுக்கலாமோ? மகன் எடுக்கலாம் எண்டுறார்.

பதில்: ரீச்சர், மகனுக்கு மாக்ஸ் குறைக்காதேங்கோ, ஆனா எடுக்கேலாது. ஒரு லைற் எண்டால் முக்கால் அம்பியர் கூட இல்லை. மேல் சுவிச்சின்ர தடை 7 மில்லி ஓம் மட்டில, அப்ப அதுக்குக் குறுக்க விழுறது அஞ்சு மில்லி வோல்ற்றுக்கும் குறைவு. உள்ளுக்க இருந்து அதைப் பாக்கிற ஓப்-அம்ப் எண்ட பெருக்கிச் சுற்றுக்குத் தன்ர பிறவிப் பிழையே சில மில்லி வோல்ற் இருக்கும். தேர் ஓடாமல் நிக்கேக்க வடத்தில கை வைச்சிருக்கிறவர்ட பலத்தை எப்பிடி அளக்கிறது? பெரிய கரண்டில ஒழுங்கா இருக்கிற 8500, இங்க வரேக்க பாதியாவும் போகும் ஒண்டரை மடங்காவும் போகும். அந்தப் பிழையை நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு போனால் கிழமை முடிய பற்றரியில இல்லாத கரண்டை எல்லாம் எரிச்சிருப்பியள்.

எண்ணுறதுக்கு ஐ.என்.ஏ. 219 எண்டு ஒரு குட்டிப் போர்ட், 0.1 ஓம் ரெசிஸ்ரர் அதிலேயே இருக்கும், 3.2 அம்பியர் வரைக்கும், ரெண்டே வயரில கதைக்கும், உங்கட மூண்டு லைற்றுக்கும் சேர்த்தே காணும். இன்வேர்ட்டரை மட்டும் அதுக்குள்ளால விடாதேங்கோ. லைற் ஒண்டு பழுதாப்போச்சோ எண்டு பாத்துத் தன்பாட்டில சொல்லுற சுவிச்தான் மகனுக்கு வேணுமெண்டால், சின்னச் சுமைக்குச் செய்த சிப் எடுக்கட்டும். ரெக்ஸாஸ் இன்ஸ்ருமென்ற்ஸின்ர ரி.பி.எஸ். 1எச்100, அதின்ர பி வகை, தடை 100 மில்லி ஓம், கணக்கு 500க்கு ஒண்டு. முக்கால் அம்பியருக்கு 1.5 மில்லி அம்பியர் வரும், 1000 ஓமில 1.5 வோல்ற், வடிவாத் தெரியும். தடை கூடின சிப் எண்டால் கூடாத சிப் எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம், இங்க அந்தத் தடைதான் காது. ஏ வகையை வாங்கிப்போட்டு வராதேங்கோ, அது பழுது, பழுதில்லை எண்டு மட்டும்தான் சொல்லும். கையால ஈயம் ஒட்டக் கொஞ்சம் கஷ்டம், பதினாலு கால், வயித்துக்குக் கீழ ஒரு தகடு, அந்தத் தகடு ஒட்டுப்படாட்டி சூடு இறங்காது. கீழ பெரிய ஓட்டை துளைச்ச போர்ட் எடுத்து, பின்பக்கத்தால ஈயத்தை உருக்கி விடச் சொல்லுங்கோ.

கேள்வி: கஸ்தூரியார் வீதியில ஒரு விலை, கொழும்பில ஒரு விலை, ஒன்லைனில அதிலயும் பாதி விலை. ஒறிஜினல் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? (வல்வெட்டித்துறை)

பதில்: மேல அடிச்ச எழுத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கிற காலம் போட்டுது தம்பி, எழுத்துத்தான் முதல்ல கள்ளமா வாறது. நான் செய்யிறது இதுதான். 55 வாற் ஹெட்லைற் பல்ப் ஒண்டை லோட்டாப் பூட்டி, நல்லாச் சார்ச் ஏறின பற்றரி, கிளாம்ப் மீற்றர் ஒண்டு, ஐ.எஸ். ரெசிஸ்ரரில மல்ரிமீற்றர். பல்ப் எரிஞ்சு ஒரு நிமிசம் கழிச்சு ரெண்டையும் வாசிச்சு, வோல்ற்றை ரெசிஸ்ரர் ஓமால வகுத்து ஐ.எஸ். கரண்டை எடுத்து, பல்ப் கரண்டை அதால வகுக்கிறது. பிறகு ரெண்டு பல்ப்பைச் சமாந்தரமாப் பூட்டித் திரும்ப ஒருக்கா. ரெண்டு தரமும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் எனக்கு அந்தச் சிப் காணும், அது 8500ஆ இருக்கவேணும் எண்டில்லை. என்ர மேசையில கிடக்கிற ஒண்டு 7600, பக்கத்தில கிடக்கிறது 9300, ரெண்டும் நாலு வருசமா ஓடுது. ரெண்டு பல்ப்புக்கு எண் பாதியாகினாலோ, அசையாமல் ஒரே வோல்ற்றில நிண்டாலோ, கடைக்காரரிட்டத் திருப்பிக் குடுங்கோ. சரியா வந்த எண்ணை மாஸ்கிங் ரேப்பில எழுதிப் போர்ட்டின்ர முதுகில ஒட்டிவிடுங்கோ, ஆறு மாசம் கழிச்சுப் புரோகிராமைத் திறக்கேக்க அந்த எண் எங்கால வந்தது எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.